அட்லாண்டிக்கில் முதல் நாள்: லாஸ் பால்மாஸிலிருந்து பாய் ஏற்றப் போகும் சென்னைக்காரர்களுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். இருவரும் நம் துறைமுகத்துக்குள் சின்னப் பாய்மரப் படகு ஓட்டப் பழகியவர்கள். இந்த நவம்பரில் அட்லாண்டிக்கைக் கடக்கும் ஒரு படகில் இவர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. "அக்கா, முதல் நாள் எப்படி இருக்கும்? அதை மட்டும் சொல்லுங்க, மத்ததைப் பாத்துக்கறோம்" என்றார்கள். சரியான கேள்விதான். இரண்டு மணி நேரம் பேசினேன். பேசியதெல்லாம் முன்னும் பின்னுமாகப் போய்விட்டது. அதனால் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நான் ராஜாஜி சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். இருபத்தொன்பது வயதில்தான் துறைமுகத்துக்குள் பாய் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் காசிமேட்டுக்காரர். படகுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார், நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்போம். சில வருடங்களுக்கு முன் நாற்பத்து நான்கு அடிப் படகு ஒன்றில் ஆறு பேரில் ஒருத்தியாக அட்லாண்டிக்கைக் கடந்தேன், பத்தொன்பது நாள் ஆனது. ஒரே தடவைதான் போயிருக்கிறேன். ஆனால் அந்த முதல் இருபத்துநான்கு மணி நேரம் எனக்கு மணிவாரியாக நினைவிருக்கிறது.

நாங்கள் போனது ஆர்க், பல படகுகள் ஒன்றாகக் கிளம்பி அட்லாண்டிக்கைக் கடக்கும் 'ராலி'. 1986ல் ஜிம்மி கார்னெல் தொடங்கியது. கேனரித் தீவுகளில் உள்ள லாஸ் பால்மாஸில் கிளம்பி, கரீபியனில் செயின்ட் லூசியாவின் ராட்னி பேயில் முடியும். சுமார் 2,700 கடல் மைல். பெயருக்கு 'ராலி' என்றாலும் புறப்பாட்டுக் கோடு உண்டு, நேரக் கணக்கு உண்டு, பரிசு உண்டு. பந்தயமாகவே ஓட்டுகிறவர்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு. குடும்பமாக, நிதானமாகப் போகிறவர்கள் க்ரூஸிங் பிரிவில் போவார்கள். அவர்கள் எஞ்சினைப் போட்டுக்கொள்ளலாம், போட்ட மணி நேரத்தைக் கணக்கில் காட்ட வேண்டும், அதற்கேற்ப நேரம் ஏறும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் நாளில் யாரையும் முந்தப் பார்க்காதீர்கள். அடுத்த நாள் விடியும்போது ஆறு பேரும் சாப்பிட்டு, தூங்கி, படகில் எதுவும் கிழியாமல் அறுகாமல் இருந்தால் அந்த நாள் நல்ல நாள். கீழே எழுதியிருப்பது முழுக்க அதற்காகத்தான்.

சனிக்கிழமையே முடிக்க வேண்டியவை

ஆர்க் ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பும். ஆனால் உங்கள் முதல் நாள் சனிக்கிழமை காலையிலேயே தொடங்கிவிடும்.

ஸ்பெயினை விட்டு வெளியேறுவதை எல்லை அதிகாரிகளிடம் பதிவு செய்துவிட்டீர்களா என்று பாருங்கள். நம்மைப் போல ஷெங்கன் விசாவில் ஸ்பெயினுக்குள் வந்தவர்கள் படகில் வெளியேறினாலும் இந்தப் பதிவு வேண்டும். விமான நிலையத்தில் போல யாரும் வரிசையில் நிறுத்திக் கேட்க மாட்டார்கள், நாமாகப் போய்த்தான் செய்ய வேண்டும். ஞாயிறு காலை இதற்காக ஓடாதீர்கள்.

மோதிரம், வளையல், தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். இழுவிசையில் இருக்கும் கயிற்றில் மோதிரம் மாட்டினால் விரல் போகும். இதைச் சொன்னபோது மொட்டை மாடிக்கு வந்த பெண் கொஞ்சம் தயங்கினாள். தாலியைக் கழற்ற மனம் வரவில்லை என்றால், கழுத்தை ஒட்டின சட்டைக்குள் போட்டு மேலே மருத்துவ டேப் ஒட்டுங்கள். வெளியே மட்டும் தொங்கக் கூடாது.

அப்புறம் மாத்திரை. கடல் மயக்கம் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. துறைமுகத்துக்குள் பத்து வருடம் ஓட்டிய எனக்கு வந்தது. அலைத்தடுப்புச் சுவருக்குள் இருக்கும் தண்ணீரும், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி எழுந்து வரும் அட்லாண்டிக் அலையும் வேறு வேறு. மாத்திரை வேலை செய்ய வேண்டுமானால் மயக்கம் வருவதற்கு முன் உள்ளே போயிருக்க வேண்டும். முதல் டோஸை சனிக்கிழமை ராத்திரியே போடுங்கள். எந்த மாத்திரை என்பதை இங்கேயே, சென்னையிலேயே, உங்கள் டாக்டரிடம் கேட்டு, ஒரு விடுமுறை நாளில் வீட்டில் போட்டுப் பாருங்கள். அவோமின் போட்டால் எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம் வந்துவிடும், அதை வைத்துக்கொண்டு சுக்கான் பிடிக்க முடியாது. சின்னரிசின் ஒத்துக்கொண்டது. உங்களுக்கு இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம்.

சாப்பாட்டையும் சனிக்கிழமையே சமைத்து வையுங்கள். முதல் நாள் படகுக்குள் இறங்கி அடுப்பு மூட்ட யாருக்கும் உடம்பு இடம் கொடுக்காது. நான் செய்த தப்பு அதுதான். எல்லோருக்கும் சூடாகச் சாம்பார் வைத்துத் தரலாம் என்று ஆசைப்பட்டு, ஞாயிறு சாயந்திரம் ஐந்து மணிக்குக் கீழே இறங்கி வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். ஜன்னல் இல்லாத மூலை, டீசல் வாசனை, கண்ணெதிரே ஆடும் கத்தி. ஏழு நிமிடம் தாங்கினேன். அதன் பிறகு அடுத்த நாள் மதியம் வரை தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை.

ஊரிலிருந்து என்ன கொண்டுபோகலாம் என்பதிலும் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய எல்லைக்குள் பால் பொருள், இறைச்சிப் பொருள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா என்று எதையும் பையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், நெய் நிச்சயம் பிடுங்கப்படும். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்புப் பொடி, ரசப் பொடி, சுக்கு, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் போதும். அரிசி, தயிர், எலுமிச்சை எல்லாம் லாஸ் பால்மாஸ் கடைகளில் கிடைக்கும்.

முதல் ராத்திரிக்குப் புளியோதரை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், கெடாது என்பதால். என் அனுபவத்தில் அது இரண்டாம் நாளுக்கு. ஆடும் படகில் எண்ணெயும் புளியும் ஏப்பமாக மேலே வரும். முதல் ராத்திரிக்குத் தயிர்சாதம்தான். குழைய வடித்து, உப்பு கொஞ்சம் தூக்கலாக, இஞ்சியைத் துருவிப் போட்டு, மிளகாய் இல்லாமல் பிசைந்து, மூடி இறுக்கமான ஆறு டப்பாக்களில் ஆளுக்கு ஒன்றாக அடைத்துக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். தட்டு வேண்டாம், குழியான கிண்ணமும் ஸ்பூனும்தான். ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சாப்பிட முடிகிற எதுவும் நல்ல சாப்பாடு.

புறப்பாட்டுக் கோடு

ஞாயிறு காலை துறையில் திருவிழாதான். பாண்டு வாத்தியம், படகுக்குப் படகு கொடித் தோரணம், கரையில் கையசைக்கும் கூட்டம். கண்ணில் நீர் வரும், வரட்டும். ஆனால் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். மதியத்துக்குள் இரண்டு லிட்டர்.

முதலில் மல்டிஹல் படகுகள் (இரண்டு, மூன்று உடல்களைச் சேர்த்துக் கட்டியவை), அப்புறம் ரேஸிங் பிரிவு, கடைசியாக க்ரூஸிங் பிரிவு என்று கால் மணி நேர இடைவெளியில் புறப்படும். அங்கே மதியம் ஒரு மணி என்றால் சென்னையில் சாயந்திரம் ஆறரை. அம்மா வாசலில் விளக்கேற்றிவிட்டு, அக்கா பையனின் போனில், வரைபடத்தில் எங்கள் படகு இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போங்கள்: அந்தப் புள்ளி நொடிக்கு நொடி நகராது, சில மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும், அதற்கு ஆபத்து என்று அர்த்தமில்லை. இதைச் சொல்லாமல் போனதால் அம்மா அந்த ராத்திரி தூங்கவில்லை.

புறப்பாட்டுக் கோட்டைக் கடக்கும்போது நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் ஒரே இடத்தில் குவியும். வேடிக்கை பார்க்க வந்த படகுகள் வேறு குறுக்கே ஓடும். பத்து டன் படகை நம் சின்னப் படகு மாதிரி சட்டென்று திருப்ப முடியாது. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஒருவர் நிற்கட்டும். காற்று போகும் பக்கம் முன்பாய் மறைக்கும் இடத்தைப் பார்க்க இன்னொருவர். இருவரும் வாயால் கத்தாமல் கையால் சுட்டிக் காட்டட்டும், காற்றில் பேச்சு கேட்காது. எஞ்சின் சாவி பக்கத்தில் ஒரு கை தயாராக இருக்கட்டும். இடது பக்கம் காற்று வாங்கி வரும் படகுதான் வலது பக்கம் காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். துறைமுகத்துக்குள் நாம் படித்த அதே விதிதான். ஆனால் எதிரே வருகிறவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பாதீர்கள், அவர் கரைக்குக் கையசைத்துக்கொண்டிருக்கலாம்.

ஐந்து நிமிடம் தாமதமாகக் கடந்தால் என்ன குறையும்? பத்தொன்பது நாளில் 2,700 மைல் என்றால் மணிக்கு ஆறு மைல் வேகம். ஐந்து நிமிடம் என்பது அரை மைல். "1978ல் முதல் ரூட் து ரம் பந்தயத்தில் இருபத்து மூன்று நாள் ஓட்டிவிட்டு மைக் பர்ச் 98 நொடி வித்தியாசத்தில்தானே ஜெயித்தார்?" என்று மொட்டை மாடியில் அந்தப் பையன் கேட்டான். உண்மைதான். செயின்ட் மாலோவிலிருந்து குவாடலூப் வரை ஓட்டி, மிஷேல் மலினோவ்ஸ்கி 98 நொடியில் தோற்றார். அவர்கள் அதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். அவர்களே நிதானத்துக்கு இடம் கொடுக்கிறார்கள்: 2022ல் அதே பந்தயத்தின் புறப்பாட்டை மோசமான வானிலைக்காக நவம்பர் 6லிருந்து 9க்குத் தள்ளி வைத்தார்கள். தொழில்முறை ஓட்டிகளுக்கே மூன்று நாள் பொறுக்கலாம் என்றால் நாம் ஐந்து நிமிடம் பொறுக்கலாம்.

கோட்டைக் கடந்த இரண்டு மணி நேரத்தில் ஆறு பேரில் நான்கு பேர் படுக்கப் போக வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. எல்லோரும் மேலேயே நின்று பக்கத்துப் படகைப் பார்த்து, படம் பிடித்து, ராத்திரி பதினொரு மணிக்கு ஆறு பேரும் ஒரே நேரத்தில் துவண்டு போவார்கள். ஆறு பேர் என்றால் மூன்று ஜோடி, மூன்று மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு. மாலை மூன்று மணிக்கு முதல் ஜோடி தொடங்கினால், இரண்டாவது ஜோடி ஆறு மணிக்கு, மூன்றாவது ஒன்பது மணிக்கு. வேலை இல்லாதவர்கள் தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிப் படுங்கள். படுத்தால் வயிறும் அடங்கும்.

காற்று திடீரென்று ஏறும் இடம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் நாளில் படகுகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

நவம்பரில் நம் ஊரில் வாடைக் காற்று. கேனரியிலும் அநேகமாக அதே வடகிழக்குத் திசைதான். அங்கே அதற்கு வியாபாரக் காற்று என்று பெயர். நமக்கு மழையைக் கொண்டுவரும், அங்கே பெரும்பாலும் வறண்டு வீசும். அந்தக் காற்றுக்குக் குறுக்கே, லாஸ் பால்மாஸ் இருக்கும் கிரான் கனேரியா தீவு மலையாக நிற்கிறது. உச்சி சுமார் 1,950 மீட்டர். மலையைத் தாண்ட முடியாத காற்று இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு பிதுங்கும். நம் ஊரில் கடற்கரையை ஒட்டிய இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்தில் நின்று பாருங்கள். மணலில் இதமாக வீசிய அதே காற்று அங்கே துப்பட்டாவைப் பறித்துக்கொண்டு போகும். தீவின் கிழக்குக் கரையில் அந்தச் சந்து பல மைல் நீளம். கரையோரத்தில் போசோ இஸ்கியர்டோ என்ற ஊர் இருக்கிறது. விண்ட்சர்ஃபிங் உலகப் போட்டிகள் அங்கே நடப்பது இந்தக் காற்றுக்காகத்தான்.

லாஸ் பால்மாஸில் பன்னிரண்டு நாட் (மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல்) காற்றில் சுகமாகக் கிளம்புவீர்கள். சில மணி நேரத்தில், விமான நிலையத்தைத் தாண்டியதும், சில நூறு மீட்டருக்குள்ளேயே அது இருபத்தைந்துக்கு ஏறும். கண்ணுக்குத் தெரியும்: தூரத்தில் கடல் மீது கோடு கிழித்தாற்போல, இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் வெள்ளை நுரை. முன்னால் போகும் படகுகள் ஒவ்வொன்றாக அந்தக் கோட்டைத் தொட்டதும் சாய்வதைப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு பாயைக் குறைக்கத் தொடங்கினால் தாமதம். கோடு தெரிவதற்கு முன்பே, காபி குடித்துக்கொண்டு, நிதானமாக முதல் ரீஃப் போடுங்கள். ரீஃப் என்றால் பெரிய பாயின் கீழ்ப்பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைப்பது.

இங்கே நம்மை ஏமாற்றுவது ஒன்று உண்டு. காற்று பின்னாலிருந்து வரும்போது அதன் வேகத்திலிருந்து படகின் வேகம் கழிந்துதான் நம் முகத்தில் படும். இருபத்திரண்டு நாட் காற்றில் படகு ஏழு நாட்டில் ஓடினால், உங்களுக்குப் பதினைந்து நாட் மாதிரிதான் இருக்கும். வெயில், இளங்காற்று, எல்லாம் சுகம். யாராவது தண்ணீரில் விழுந்து, திரும்ப வேண்டும் என்று படகைக் காற்றுக்கு எதிரே திருப்பிப் பாருங்கள், அப்போது முழு இருபத்திரண்டும் அறையும். அதனால் கன்னத்தை நம்பாதீர்கள், கருவியில் உண்மைக் காற்று என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். அது பதினெட்டைத் தொட்டால் பாயைக் குறைப்பது என்று எங்கள் படகில் விதி வைத்திருந்தோம். பொழுது சாய்வதற்குள் எப்படியும் ஒரு ரீஃப், காற்று குறைவாக இருந்தாலும். ராத்திரியில் கொஞ்சம் மெதுவாகப் போவதால் யாருக்கும் அடிபடுவதில்லை.

பூம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய பாயின் அடியில் இருக்கும் அந்த நீளக் கட்டை, காற்று பின்னாலிருந்து வரும்போது ஒரு பக்கம் முழுக்க விரிந்திருக்கும். சுக்கான் பிடிப்பவர் கொஞ்சம் அசந்தால், காற்று பாயின் மறுபக்கம் புகுந்து, கட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே வீச்சில் பறக்கும். நடுவே தலை இருந்தால் பிழைப்பது கடினம். அதனால் கட்டையின் நுனியிலிருந்து அணியத்துக்கு ஒரு கயிற்றைக் கட்டி நிறுத்துவார்கள், ப்ரிவென்டர் என்று பெயர். துறையை விட்டுக் கிளம்பும்போதே அந்தக் கயிறு பொருத்தித் தயாராக இருக்க வேண்டும். நடுக்கடலில் இருட்டில் அதைத் தேடக் கூடாது.

தீவைத் தாண்டியதும் இதற்கு நேர்மாறான தொல்லை. மலையின் மறைவில், தீவின் தென்மேற்கே, காற்றே இருக்காது. பல மைல் தூரத்துக்கு வெறும் அலை மட்டும் இருக்கும். எங்கள் படகு அதில் மாட்டியது. தூரத்தை மிச்சப்படுத்தலாம் என்று இருட்டியதும் மேற்கே திரும்பினோம். ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை பாய் படார் படாரென்று அடிக்க, படகு தொட்டில் மாதிரி ஆட, ஒருவரும் தூங்கவில்லை. காற்று இல்லாத படகுதான் காற்றுள்ள படகைவிட அதிகம் தேயும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். 1492 செப்டம்பர் 6ல் கொலம்பஸ் கேனரித் தீவுகளில் ஒன்றான லா கோமேராவிலிருந்து கிளம்பியபோதும் இதேதான் நடந்தது. இரண்டு நாள் காற்றில்லாமல் தீவுகளுக்கு இடையிலேயே கிடந்து, 8ஆம் தேதிதான் மேற்கே நகர முடிந்தது. குறுக்கு வழி பார்க்காமல் தெற்கே போய்க்கொண்டே இருங்கள். "வெண்ணெய் உருகும் வரை தெற்கே போ, அப்புறம் மேற்கே திரும்பு" என்று அந்தப் பாதையில் போகிற பழைய மாலுமிகள் சொல்வது முதல் ராத்திரிக்கும் பொருந்தும்.

இருட்டிய பிறகு

லாஸ் பால்மாஸில் நவம்பர் கடைசியில் ஆறு மணி தாண்டியதும் சூரியன் இறங்கும். விடிய ஏழு மணிக்கு மேல் ஆகும். நீளமான ராத்திரி.

குளிரை யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். போனில் இருபது டிகிரி என்று காட்டும், சென்னையில் அது மார்கழி விடியற்காலை, போர்வை போதும் என்று நினைப்போம். அங்கே காற்றும் பனியும் சேர்ந்து எலும்பில் இறங்கும், மூன்று மணி நேரம் அசையாமல் வேறு உட்கார வேண்டும். பாரிஸ் கார்னரில் நடைபாதைக் கடையில் வாங்கிய மங்கி கேப்தான் என்னைக் காப்பாற்றியது. கம்பளி பனியன், காலுறை, மேலே நீர் புகாத உடை, அதற்கு மேல் உயிர்காப்பு அங்கி. வேலை நேரம் தொடங்க இருபது நிமிடம் முன்பே எழுந்து இதையெல்லாம் மாட்ட ஆரம்பியுங்கள், ஆடும் படகில் ஒரு காலுறைக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

இனி கொக்கி. உங்கள் அங்கியிலிருந்து ஒரு பட்டை வரும், அதன் முனையில் கொக்கி. அதைப் படகில் உறுதியான வளையத்திலோ, மேல்தளத்தில் நீளவாக்கில் கட்டிய பட்டையிலோ மாட்ட வேண்டும். அந்தக் கொக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள். நல்ல கொக்கியில் இரண்டு அசைவு இருக்கும்: உள்ளங்கையால் முதுகை அமுக்கி, அதே நேரத்தில் விரலால் வாயைத் திறக்க வேண்டும். பூட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு ஒரு முறை இழுத்துப் பாருங்கள். நான் சென்னையில் இருக்கும்போதே ஒரு மாதம், பால்கனிக் கம்பியில், தினமும் ராத்திரி இருட்டில் ஐம்பது முறை மாட்டிக் கழற்றினேன். படகுக்குள்ளிருந்து மேல்தளத்துக்கு ஏறும் படிக்கட்டிலிருந்து தலையை வெளியே நீட்டும்போதே, உடம்பு இன்னும் உள்ளே இருக்கும்போதே, கையை நீட்டி முதலில் கொக்கியை மாட்டுங்கள். அப்புறம்தான் வெளியே ஏற வேண்டும். இறங்கும்போது உடம்பு உள்ளே போன பிறகு கழற்றுங்கள்.

"நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்களுக்குமா இது?" என்று கேட்டார்கள். எரிக் தபார்லி 1964லும் 1976லும் தனியாளாக அட்லாண்டிக் பந்தயத்தை ஜெயித்தவர், பிரான்ஸில் அவரைத் தெரியாதவர் கிடையாது. 1998 ஜூன் மாதம், வேல்ஸ் கரைக்கு அப்பால், ராத்திரியில் பாயை மாற்றும்போது பாயின் மேல்பக்கக் கட்டை இடித்துத் தண்ணீரில் விழுந்தார். அவர் உடம்பில் பட்டை இல்லை. உயிரோடு கிடைக்கவில்லை.

வாந்தி எடுக்க வேண்டுமானால் ஓரத்துக்கு எழுந்து ஓடாதீர்கள். அப்படி ஓடித்தான் ஆட்கள் விழுவார்கள். உட்கார்ந்த இடத்தில், கொக்கி மாட்டியபடி, வாளியில் எடுங்கள். சிறுநீருக்கும் இதே விதி. ஆண்கள் ஓரத்தில் நிற்கக் கூடாது, எல்லோரும் கீழே போய் உட்கார்ந்துதான். அதற்குச் சோம்பல் பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். மாதவிடாய் நாட்கள் முதல் நாளில் விழும் என்றால் தேவையானதை மேலே கைக்கெட்டும் பையில், நீர் புகாத உறையில் வையுங்கள். இதைச் சொல்ல எனக்கு யாரும் இருக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சுக்கானில் இருக்கும்போது மயக்கம் குறையும், இது உண்மை. உங்களுக்கு மோசமாக இருந்தால் வெட்கப்படாமல் "நான் ஓட்டறேன்" என்று கேளுங்கள். முன்னால் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டுங்கள். கால் மணிக்கு ஒருமுறை வேறு நட்சத்திரம் மாற்றிக்கொள்ளுங்கள், அதுவும் நகரும். அண்ணன் எனக்குச் சொன்னது இன்னொன்று: "கண்ணால் காற்றைப் பாக்காத, பிடரியால பாரு." காற்று பின்னாலிருந்து வரும்போது இரண்டு காதுக்கும் பின்னால் ஒரே அளவில் படுகிறதா என்று கவனியுங்கள். ஒரு காதில் சில்லென்று அதிகம் பட்டால் படகு திரும்பிக்கொண்டிருக்கிறது. மங்கி கேப்பைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு ஓட்டினேன், காற்று இருந்த வரை பூம் ஒரு முறைகூட அசையவில்லை.

சுற்றிலும் விளக்குகள் இருக்கும். சிவப்பு தெரிந்தால் அந்தப் படகின் இடது பக்கத்தைப் பார்க்கிறீர்கள், பச்சை என்றால் வலது, வெள்ளை மட்டும் என்றால் அநேகமாக முதுகு. ஒரு விளக்கு இருக்கும் திசை மாறாமலே, ஆனால் பெரிதாகிக்கொண்டே வந்தால், அது உங்கள் மீது வருகிறது. அப்போது படகுத் தலைவரை எழுப்புங்கள். தூங்குகிறவரை எழுப்பக் கூச்சப்படும் பழக்கம் நமக்கு உண்டு. எங்கள் தலைவர் கிளம்பும் முன்பே சொன்னார், சந்தேகம் வரும் நேரமே எழுப்பும் நேரம் என்று. நான் அன்றைக்கு இரண்டு முறை எழுப்பினேன், இரண்டு முறையும் எழுந்து வந்து பார்த்துவிட்டு, நல்லது செய்தாய் என்று சொல்லிப் போய்ப் படுத்தார்.

விடிந்ததும்

காலை ஆறு மணிக்கு மறுபடி என் முறை வந்தது. ஏழரைக்கு வெளிச்சம். முந்தின நாள் கூட்டமாகக் கிளம்பிய படகுகளில் நான்கு பாய்கள்தான் கண்ணில் பட்டன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள், முதல் வெளிச்சத்தில் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது.

கொக்கியை மாட்டிக்கொண்டு, அணியத்திலிருந்து பின்பக்கம் வரை நடந்து, ஒவ்வொரு கயிற்றையும் கையால் தடவிப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் தெரியாது. கயிறு ஏதாவது ஒரு வளையத்திலோ கம்பியிலோ உரசும் இடத்தில் விரலுக்கு மட்டும் பஞ்சு மாதிரி ஒரு மென்மை தட்டும். எங்களுக்கு ப்ரிவென்டர் கயிற்றில் இருந்தது. ராத்திரி நான்கு மணி நேரம் காற்றில்லாமல் ஆடியதில் வெளிப்பின்னல் பாதி போய், உள்ளே வெள்ளை நார் எட்டிப் பார்த்தது. பார்க்காமல் விட்டிருந்தால் அன்று ராத்திரி அறுந்திருக்கும், பூம் பறந்திருக்கும். தேய்ந்த இடம் உரசலில் வராதபடி கயிற்றை முக்கால் அடி உள்ளே இழுத்துக் கட்டினோம், உரசும் இடத்தில் பழைய தோட்டக் குழாய்த் துண்டு ஒன்றைப் பிளந்து மாட்டினோம். அந்தக் குழாய்த் துண்டு பத்தொன்பது நாளும் அங்கேயே இருந்தது. இரண்டு மீட்டர் குழாய் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், லாஸ் பால்மாஸில் தேடி அலைய வேண்டாம்.

மேல்தளத்தில் ஏதாவது திருகோ ஊசியோ கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடந்தால், அது எங்கிருந்து விழுந்தது என்று தெரியும் வரை அண்ணாந்து தேடுங்கள்.

அப்புறம் சுக்கு வெந்நீர், இரண்டு பிஸ்கட், முகம் கழுவல். ஒன்பது மணிக்கு அடுத்த ஜோடியை எழுப்பி, காற்று எவ்வளவு, எந்தக் கயிறு மாற்றப்பட்டது, எந்தப் படகு எந்தப் பக்கம் என்று மூன்றையும் சொல்லிவிட்டு, போனைத் தொடாமல் படுக்கப் போங்கள்.